அட்டையின் மேல்துண்டு

நெஞ்சைப் படம் பிடிப்பதென்றால் அம்மையப்பனுக்கு எப்போதுமே அலுப்புதான். சட்டையைக் கழற்று, தாயத்தைக் கழற்று, சில்லென்ற பலகையில் மார்பை ஒட்டு, மூச்சைப் பிடி, விடு. ஓமான் நாட்டுச் சோஹாரில் விசா புதுப்பிக்கும்போதெல்லாம் இதே கூத்து. ஒன்பது வருஷத்தில் நாலு தடவை தப்பித்துவிட்டார். ஐந்தாவது தடவை மெஷினும் புதிது, டாக்டரும் புதிது. வலது நுரையீரல் உச்சியில் இருந்த பழைய தழும்பு இருவர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

பழைய டிபி போலிருக்கிறதே, மருந்து சாப்பிட்டதற்குப் பேப்பர் இருக்கிறதா என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் மெயில் போட்டு விசாரிக்கலாம், இல்லையென்றால்… என்று இழுத்தார். மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்.

பேப்பர் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். இருந்தது, ஆனால் தலையில்லாமல் இருந்தது.

அம்மையப்பனுக்கு ஊர் கமுதிப் பக்கம். சாரம் கட்டுகிற வேலை. வளைகுடாவுக்கு வரும் முன் இரண்டு வருஷம் ஜாம்பியாவில், செம்புச் சுரங்கம் உள்ள ஓர் ஊரில் சாரம் கட்டினார். அங்கேதான் இருமல் பிடித்தது, சளியில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியை ஒட்டி ஓர் ஆராய்ச்சி மையம். காசநோய்க்கு ஆறு மாதம் தின்கிற மருந்தை நாலே மாதத்தில் முடிக்க முடியுமா என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேருகிறாயா என்றார்கள். ஊர் திரும்ப ஐந்து மாதம்தான் இருந்ததால் சரியென்று கையெழுத்துப் போட்டார். சீட்டுக் குலுக்கியதில் நாலு மாதக் கூட்டத்தில் விழுந்தார். வாழ்நாளில் அவருக்கு விழுந்த நல்ல சீட்டு அது ஒன்றுதான்.

தினமும் காலையில் ஒரு நர்ஸம்மா எதிரே உட்கார்ந்து, மாத்திரை தொண்டையில் இறங்குகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்தில் காசமும் எச்ஐவியும் ஜோடி போட்டுக்கொண்டு திரிந்ததால் இரண்டுக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்தார்கள். எச்ஐவி இல்லை. நாலு மாதத்தில் காசமும் போயிற்று. வரிசையில் நின்ற ஜனங்கள் வியாதியை மறைக்கவில்லை, சிரித்துப் பேசியபடியே மாத்திரை வாங்கிப் போனார்கள். கடைசியில் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். மேலே மையத்தின் பெயர், முத்திரை, அவருடைய எண். கீழே மருந்து முடிந்த தேதியும் சோதனை முடிவுகளும்.

வினை அந்தப் பெயரில் இருந்தது. காசநோய் மற்றும் எச்ஐவி ஆராய்ச்சி மையம் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. ஓமானுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், அங்கே வேலை பார்த்துத் திரும்பியிருந்த ஊர்க்காரன் ரகுநாதன் அட்டையைப் பார்த்துவிட்டுப் பதறினான்.

"அந்த மூணெழுத்தப் பாத்தா, கீழ இல்லன்னு எழுதியிருக்கறத எவன் படிப்பான்? ஏர்போர்ட்லயே கலாஸ், திருப்பி அனுப்பிருவான்!"

அன்றே அம்மையப்பன் கத்தரிக்கோலை எடுத்து, அட்டையின் மேல்பகுதியைக் கச்சிதமாக வெட்டி வீட்டுக் குப்பையில் போட்டார். பெயரோடு முத்திரையும் எண்ணும் போயின. மடியில் கனமில்லாதவன் வழியில் பயந்தால் இப்படித்தான் முடியும்.

கம்பெனியில் விசா வேலை பார்க்கும் முகம்மது சித்தீக் கீழக்கரைக்காரர். மிச்ச அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, தலைய வெட்டிப்புட்டு முண்டத்தக் கொண்டாந்திருக்கிய? நீங்க சொல்ற மாதிரிப் பேருல அங்க எத்தனையோ இருக்கு. நம்பர் இல்லாம யார்ட்ட கேக்குறது? செவ்வாக்கெழம வரைக்கும் டயம் வாங்கியிருக்கேன். அதுக்கு மேல மாஃபி, ஒரு நாளும் கெடையாது."

அம்மையப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊருக்குப் போனால் வேறு எவன் வேலை கொடுப்பான்? மகள் சந்தியா நர்சிங் இரண்டாம் வருஷம். அழவும் தெம்பில்லாமல் கேம்புக்கு வந்து படுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவி அகிலாவுடன் பேசும் நேரம். ஒன்பது வருஷமாக அவளுடைய முதல் கேள்வி மாறியதில்லை.

"மாத்திர ஒழுங்காப் போடுறீகளா?"

"போடுறேன்" என்றார் வழக்கம்போல. ஜாம்பியாவிலிருந்து வந்த கையோடு அவருக்குப் பிரஷர் வந்திருந்தது. இவ்வளவு அக்கறை உள்ளவள், லீவில் போனால் மட்டும் முதுகுவலி என்று சொல்லி மகளோடு உள்ளறையில் படுத்துக்கொள்வாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற புருஷன் விருந்தாளிதானே என்று அதையும் அவர் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவ மொத்தமா வந்துருவேன் போலருக்கு."

"ஏன், மேலுக்கு முடியலையா?" என்றாள் அவள் அவசரமாக.

ஜாம்பியாவில் வந்த காசத்தையும், எக்ஸ்ரேயில் தெரிந்த தழும்பையும், வெட்டிய அட்டையையும் பற்றி முதல்முறையாக அவளிடம் சொன்னார். "அந்த மேல்துண்டு மட்டும் இருந்தா பொழச்சுக்குவேன். கிறுக்குப்பய மாதிரி குப்பையில போட்டுட்டேன்."

அகிலா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அது எங்கிட்ட இருக்கு."

"என்னது?"

"அன்னைக்கே பெருக்கும்போது எடுத்தேன். ரேசன் கார்டு உறைக்குள்ள வச்சிருக்கேன். நாளைக்கு நீங்க விழுந்துட்டா, எந்த ஆஸ்பத்திரில பாத்தீகன்னு டாக்டருகிட்டச் சொல்லணும்ல."

"நான் ஏன் விழப்போறேன்?"

"அந்த மூணெழுத்து எனக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுச் செவத்துல எழுதிருக்கும்ல. மதுர போயி ரெண்டு தடவ நானும் ரத்தம் குடுத்துப் பாத்தேன். எனக்கு இல்லன்னுட்டாக. உங்ககிட்ட எப்படிக் கேக்க? நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

அம்மையப்பன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அகிலா, எனக்கும் இல்ல. எங்கிட்ட இருக்கற கீழ்த்துண்டுல அதத்தான் எழுதிருக்கு."

"அப்ப தெனமும் மாத்திர போடுறேன்னு சொன்னீகளே?"

"அது பிரஷருக்கு."

அவள் அழுதாள். ஒன்பது வருஷத்தையும் சேர்த்து வைத்து அழுதாள். சண்டை பிடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

மாலைக்குள் துண்டின் போட்டோ வந்தது. சித்தீக் மெயில் போட்டார். திங்கட்கிழமை ஜாம்பியாவிலிருந்து பதில் வந்துவிட்டது. இந்த எண் எங்களுடையதுதான், மருந்து முழுதாக முடித்தவர், குணமானவர் என்று எழுதி, இப்போது நன்றாக இருக்கிறாரா என்றும் ஒரு வரி கேட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை வீட்டில் யாராவது வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். அவராவது தன் வியாதியைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் சித்தீக் பாஸ்போர்ட்டோடு வந்தார். "மப்ரூக், வாழ்த்துகள் அண்ணே! விசா ரெண்டு வருசத்துக்கு அடிச்சாச்சு."

"பாய், ஒரு பத்து நாள் லீவு கெடைக்குமா?"

"இப்பவா? பத்து மாசம் கழிச்சுத்தானே ஒங்க முறை. சைட்ல ஆளே இல்லைங்கறான்."

அம்மையப்பன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தார்.

"விசா கெடைக்காமப் போயிருந்தா இந்நேரம் டிக்கெட் குடுத்து ஏத்தி விட்டுருப்பீக, இல்ல பாய்?"