பாதி வழியில் இறங்கிய கொப்பரைக்காரர்

இன்று காலை காங்கேயத்திலிருந்து கோவை வரும் பஸ்ஸில், என் ஆராய்ச்சிக் காகிதங்களை மடியில் விரித்து வைத்திருந்தேன். அதுதான் தப்பு.

பக்கத்து சீட்டில், தேங்காயைக் காயவைக்கும் கொப்பரைக் களம் வைத்திருப்பவர் ஒருவர்.

"ஏனுங்க தம்பி, இந்தக் கோடு எதுக்கு இப்படி மேல ஏறிட்டே போகுது?"

"நாட்டுக்குள்ள வர்ற பாமாயிலுங்க. சனங்க வருமானம் ஏற ஏற இறக்குமதியும் ஏறும்னு கணக்குல வருதுங்க."

"அப்ப தேங்காயெண்ணெய் போகாது, கொப்பரை வெலை உழுந்துருமுங்களா?"

பெருமையாகத் தலையாட்டிவிட்டேன்.

கோவைக்கு டிக்கெட் எடுத்திருந்தவர் பல்லடத்திலேயே எழுந்தார். "ஊட்டுக்குப் போன் பண்ணோணுங்க. இருக்கற கொப்பரை பூராத்தையும் இன்னைக்கே வித்துப்போடச் சொல்றேன்."

அவர் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் சமன்பாட்டில் வருமானமும் விலையும் மட்டுமே இருக்கின்றன. அரசு நாளைக்கே இறக்குமதி வரியைக் கூட்டினால் பாமாயில் வரத்து குறைந்து கொப்பரை விலை ஏறலாம் என்பதற்கு அதில் இடமே இல்லை. இதற்காகத்தான் என் கைடு அதை மூன்று முறை திருப்பிக் கொடுத்தார்.

ஜன்னல் வழியாகக் கத்தினேன். அவர் எஸ்.டி.டி. பூத் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

கோவையில் இறங்கியதும் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். நம் மின்னஞ்சல் குழுவில் கொப்பரை நிலவரம் தெரிந்தவர்கள் யாராவது, விலை இறங்கத்தான் போகிறது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

எங்கள் அப்பாவும் கொப்பரைக் களம்தான் வைத்திருக்கிறார். விற்கச் சொல்லி அவருக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.