குளத்துக்கு வந்த சிவப்புத் தண்ணீர்

“ஆவணி, இரண்டாம் ஞாயிறு. மாலை 4.10. குழாய் வாயில் சத்தம். தண்ணீர் அல்ல, காற்று.”

என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் முதல் வரி இது. அப்போது தன் கைபேசியில் மணி 4.14 என்று அங்கே நின்ற திட்டப் பொறியாளர் பிறகு சொன்னார். என் கைக்கடிகாரம் பின்தங்கியிருக்க வேண்டும். ஆனாலும் எழுதியதைத் திருத்தவில்லை.

பனியன் கழுத்தில் தைக்கும் சைஸ் லேபிள் அச்சடிப்பது என் தொழில். ஊரில் நடப்பதைத் தேதி போட்டுக் குறித்துவைப்பது என் பழக்கம். ஊர், சேவூர் போகும் சாலையில். ஊருக்கு மேற்கே ஒரு குளம் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதே ஒரு பழக்கம்தான். பல வருடங்களாக அங்கே இருந்தது சீமைக்கருவேலமும், பிள்ளைகளின் கிரிக்கெட் பிட்ச்சும், யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டிப்போன கட்டிங் வேஸ்ட் துணியும்தான்.

வெள்ளக் காலத்தில் ஆற்றில் மிஞ்சி ஓடும் நீரை மேட்டுப் பகுதிக் குளங்களுக்குக் குழாய் வழியாக ஏற்றும் அரசுத் திட்டத்தில் எங்கள் குளமும் இருந்தது. அதற்காக இந்தப் பக்கத்து மக்கள் தலைமுறை கடந்து மனு எழுதியிருக்கிறார்கள், உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். திட்டம் வந்ததும் எங்கள் பங்குக்குக் குளத்தைச் சுத்தம் செய்தோம். ஞாயிறு தவிர எங்களுக்கு வேறு நாள் கிடையாது. டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், பீகாரிலிருந்து வந்து நிட்டிங் ஓட்டும் நான்கு பேர் என்று மாசி முதல் ஆடி வரை கருவேல வேரைப் பிடுங்கினோம். அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு அடுத்த கம்பெனியில் தையல் மெஷின் முன்னாலேயே இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். பருவநிலை பற்றி நான் வாங்கிப் படித்த புத்தகங்களில் கடல்மட்டமும் பனிப்பாறையும்தான் அதிகம். தகரக் கூரையின் கீழே ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவளைப் பற்றி அவற்றில் நான் எதுவும் பார்த்ததில்லை.

குழாய் முடியும் இடத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. தொட்டியிலிருந்து குளத்துக்கு ஒரு சிறு வாய்க்கால். வாய்க்காலின் தலையில் மரப்பலகை மதகு. பக்கத்திலேயே, வரும் நீரை அளக்கும் கருவி ஒரு கம்பத்தில் சோலார் தகட்டோடு நின்றது. அன்று நாங்கள் அறுபது, எழுபது பேர் தொட்டியைச் சுற்றி நின்றோம்.

முதலில் காற்று வந்தது. எத்தனையோ மைல் குழாயில் அடைந்து கிடந்த காற்று. ஒரு பெரிய விலங்கு தூக்கத்தில் பெருமூச்சு விடுவதுபோல விட்டு விட்டு வந்தது. கீழே ஓடும் ஆறு எங்கள் ஊர் மேட்டை நோக்கி ஏறி வருகிறது என்பதை அந்த மூச்சைக் கேட்டபோதுதான் நான் உடம்பால் நம்பினேன். பிறகு தொட்டி அதிர்ந்தது. தண்ணீர் பாய்ந்தது.

சிவப்பாகப் பாய்ந்தது.

வேறு ஊராக இருந்தால் மண் என்றிருப்பார்கள். எங்கள் ஊரில் நிறம் என்றால் ஷேடு.

“மெரூன்டா இது.”

“மெரூன் எங்கெ இருக்குது? ரஸ்ட்டு. போன மாசம் ஓட்டுனமே, அதே ரஸ்ட்டு.”

“லைட்ல வெச்சுப் பாரு, பிரிக் ரெட்டு.”

சிலர் சிரித்தார்கள். அதற்குள் ஒரு குரல் எல்லாவற்றையும் அறுத்தது. “சாயத் தண்ணிடா அது!”

சொன்னவர் தோட்டத்து அக்கா. குளக்கரையை ஒட்டி அவருக்கு இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் உண்டு. அவருடைய பழைய தோட்டம் ஆற்றோரத்தில் இருந்தது. சாயக்கழிவு கலந்து கிணறு நிறம் மாறி, தென்னை குருத்துக் கருகி, கடைசியில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்தவர். இந்தக் கிணற்றில் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர். ஆனால் நல்ல தண்ணீர். குளத்தில் ஊறுவது நாளை அவர் கிணற்றுக்குத்தான் போகும்.

அவர் வாய்க்காலில் இறங்கிப் பலகையை அழுத்தி அடைத்தார். அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். தொட்டி நிறைந்து சாலைப் பக்கம் வழியத் தொடங்கியது.

பொறியாளர் இளம்பெண். ஓடி வந்தார். “அம்மா, இது ஆத்துத் தண்ணிங்கம்மா. குழாய் பதிச்சப்ப உள்ள போன செம்மண்ணு. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும்.”

“அன்னைக்கும் தெளிஞ்சிரும்னுதானுங்க சொன்னாங்கொ. என்ற கெணறு தெளிஞ்சுதா?”

“லேபுக்கு அனுப்பலாங்க. ஆனா ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் வால்வை அடைச்சா முறை அடுத்த குளத்துக்குப் போயிரும். ஆத்துல வெள்ளம் இருக்கற வரைக்குந்தான் இந்தத் தண்ணி.”

கூட்டத்தில் பாதிக்குக் கோபம். “ஆறு மாசம் வேர் புடுங்குனது இதுக்குத்தானுங்களா அக்கா?” என்று ஒருவர் கத்தினார். அக்கா நகரவில்லை.

அப்போது முன்னால் வந்தவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் இருந்த டையிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இருபது வருடத்துக்கும் மேலாகச் சாயப்பட்டறை வேலை. “யக்கா, கொஞ்சம் பொறுங்க. சாயமா மண்ணான்னு நான் சொல்லுதேன். ஒரு வெள்ளைத் துணி தாங்க.”

“சாயம் ஊத்துனவனே சாட்சி சொல்ல வந்துட்டான் பாரு” என்றார் அக்கா.

மாஸ்டரின் முகம் சுருங்கியது. ஆனாலும் நகரவில்லை. யாரோ வண்டியிலிருந்து ஒரு புது வெள்ளைப் பனியனை எடுத்துக் கொடுத்தார்கள். தண்ணீரில் முக்கினார். சிவந்து வந்தது. “ஏறிடுச்சு!” என்று கூட்டம் கூவியது. அவர் கையைக் காட்டி அடக்கி, டீக்கடையிலிருந்து சோப்பும் குடிநீர் பாட்டிலும் வாங்கிவரச் சொன்னார். பிறகு பனியனை அக்காவிடமே நீட்டினார்.

“நான் தொடல. நீங்களே அலசிப் பாருங்க. சாயம்னா எப்படிக் கசக்குனாலும் ஒரு டின்ட்டு புடிச்சு நிக்கும். மண்ணுன்னா ஓடிப்போவும்.”

பலகையில் முதுகைச் சாய்த்தபடியே அக்கா சோப்புப் போட்டுக் கசக்கினார், அலசினார், மறுபடி கசக்கினார். பனியன் வெளுத்தது. தையலின் இடுக்கில்கூடச் சிவப்பில்லை. அவர் விரித்துக் காட்டியபோது நானும் பார்த்தேன். கைதட்டினார்கள். செக்கிங் பெண் ஒருத்தி, “ஓக்கே பீஸுங்கக்கா, பாஸ் பண்ணிருங்க!” என்றாள்.

அக்கா பாஸ் பண்ணவில்லை. பனியனை மாஸ்டரிடம் கொடுத்தார்.

“கலரு என்ற தென்னையக் கொல்லலீங்க. உப்புத்தான் கொன்னுச்சு. உப்பு துணியில தெரியாது.”

மாஸ்டர் தலையைக் குனிந்தார். “அது சரிதான்க்கா. சாயம் ஏத்துறதே உப்புப் போட்டுத்தான.”

இருபது வருடம் சாயத்தில் நின்றவரும் சாயத்தால் நிலம் இழந்தவரும் ஒரே உண்மையை இரண்டு பக்கத்திலிருந்து அறிந்திருந்தார்கள். அதுவரை அது எனக்குத் தெரியாது. பழைய தோட்டம் பற்றி என் குறிப்புகளில் ஆண்டுகள் இருக்கின்றன, நிறங்கள் இருக்கின்றன. உப்பு ஓரிடத்திலும் இல்லை.

அக்கா குனிந்து அந்தச் சிவப்புத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினார். “அம்மா, வேண்டாங்க!” என்று பொறியாளர் பதறினார். அக்கா வாயில் விட்டுக்கொண்டார். கண்ணை மூடி நாக்கில் உருட்டினார். துப்பினார். இன்னொரு கை அள்ளினார். அதையும் துப்பினார்.

மூன்றாவது கையைத் துப்பவில்லை. விழுங்கினார்.

“சப்புனு இருக்குது” என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, “வெறும் சேறுடா. என்ன மொறச்சுப் பாக்கறீங்கொ? பலகையத் தூக்க ஒரு கை குடுங்கொ” என்றார். முதலில் இறங்கியவர் மாஸ்டர்தான். “மொதல்ல நீ அக்கட்டப் புடி, சாயக்காரா” என்று அவருக்கு உத்தரவு வந்தது.

பலகை எழுந்தது. அதன் பிறகு நடந்ததை எழுத அன்று நான் பேனாவை எடுக்கவே இல்லை. இங்கே எழுதுவதெல்லாம் நினைவிலிருந்துதான். தண்ணீர் முதலில் ஓடவில்லை. குளத்துத் தரையின் வெடிப்புகள் அதைக் குடித்தன. ஒவ்வொரு வெடிப்பும் நிரம்பும்போது உள்ளிருந்த காற்று குமிழியிட்டுச் சீறியது. குளம் முழுக்க, பார்க்கும் தூரம்வரை, அந்த மெல்லிய சீறல். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறின. பீகார்க்காரர்கள் நால்வரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்து நாங்களும் கழற்றினோம். இத்தனை மேட்டுக்கு ஒரு ஆற்றை ஏற்றியது மோட்டாரும் அரசாணையும் மனுக்களும்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ரோமம் சிலிர்த்தது. வெளிச்சம் மங்கும் முன் ஒரு நீர்க்காகம் வந்து, ஒரு முழ ஆழம்கூட இல்லாத தண்ணீரில் நீந்திப் பார்த்தது.

மறுநாள் தண்ணீர் தெளிந்து வந்தது. லேப் முடிவும் பிறகு வந்தது. உப்பு அளவுக்குள் இருப்பதாகப் பொறியாளர் போன் செய்து சொன்னார். அக்கா அதைக் கேட்டு, “பொண்ணு லேட்டு” என்றார்.

ஒன்பதாம் நாள் காலை அவரே என்னை அழைத்துக் கிணற்றைக் காட்டினார். மேற்குச் சுவரில், முன்பு காய்ந்திருந்த படிக்குச் சற்று மேலே, கல் இடுக்கிலிருந்து நீர் கசிந்து வழிந்துகொண்டிருந்தது. மேற்கேதான் குளம். அவர் நூலில் கட்டிய டம்ளரை இறக்கி, மொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டு எனக்கும் கொடுத்தார். இனித்தது. “குளத்துத் தண்ணிதான், எழுதிக்கோங்கொ” என்றார்.

அப்படி எழுதவில்லை. அந்த ஒன்பது நாளுக்குள் எங்கள் ஊரில் இரண்டு முறை நல்ல மழை பெய்தது. அந்த ஊற்று மழையால் திறந்ததா, குளத்தால் திறந்ததா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.