படகுக்கு ஒரு ரேடியோ

ரேடியோ வாங்கியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். அவருக்கு அதில் அக்கறையே இல்லை.

என் கணவர் சிலாங்கூரின் வடக்கே ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் வந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். இவர் கோலா சிலாங்கூரில் ஒரு சீனரிடமிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த மனிதருக்குக் கடல்மேல் எங்கிருந்து ஆசை வந்தது என்று கேட்டால், "அங்க போனா மண்டைக்குள்ள இருக்கிற இரைச்சல் அடங்கிடுதும்மா" என்பார். கவலைகளைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

விடியலில் தனியாகப் போவார். மதியத்துக்குள் கெம்போங் மீனோடு திரும்பிவிடுவார். ஒருநாள் திரும்பவில்லை. எஞ்சின் நின்றுபோய், ஹேன்போனில் லைனும் இல்லாமல் பொழுது சாயும்வரை மிதந்திருக்கிறார். வேறொரு படகுதான் இழுத்து வந்தது. படகுத்துறையில் அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்து, "பசிக்குது" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே அவரைப் படகுச் சாமான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஆற்றை ஒட்டிய கடை அது. ரேடியோ விற்கிறவர் தமிழர். நாற்பது வயதிருக்கும். கரையோடு பேசுகிற செட்டுகள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கையில் பிடிக்கிறது, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். இன்னொன்று படகில் பொருத்துகிறது, உயரமான ஆன்டெனாவோடு படகு பேட்டரியில் ஓடும்.

"கையில வெச்சிக்கிறது சின்ன போட்டுக்குப் போதும்னு சொல்வாங்க அண்ணே. ஆனா நீங்க தனியா போறீங்க. அதுக்கு சக்தி கம்மி, ரொம்ப தூரம் எட்டாது. பொருத்துற செட்டுதான் நல்லது. ரெண்டையும் பேசிப் பாத்துட்டு எடுங்க."

முதலில் சின்னச் செட்டை இவர் கையில் கொடுத்தார். தான் அதேபோல் இன்னொன்றோடு கடைக்குப் பின்னால், ஆற்றோரம் போய் நின்றார். குரல் தெளிவாக வந்தது.

"அண்ணே, போட்டுல எத்தனை பேரு இருக்கீங்க?"

"கேக்குது, கேக்குது."

"எத்தனை பேருன்னு கேட்டேன் அண்ணே."

"நல்லா கேக்குது லா," என்று சிரித்தார் இவர்.

செட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். கடைக்காரர் வந்து பெரிய செட்டை இணைத்து, சத்தத்தை முழுக்கத் திருப்பிவிட்டு மறுபடி வெளியே போனார். இந்த முறை குரல் கடை முழுக்கக் கேட்டது. வலை வாங்க வந்த ஒரு பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"எஞ்சின் ஓடுதா அண்ணே, நின்னுடுச்சா?"

இவர் மைக்கை அழுத்தினார். "ஆமா, நான் தனியாத்தான்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கண்ணை அல்ல, உதட்டை. சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல.

நான் பேசும்போதெல்லாம் இவர் என் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்க மாட்டார். "இந்த வயசுலயும் மாமா உன்னையே பாத்துக்கிட்டு இருக்காரு" என்று என் தங்கை கேலி செய்வாள். எனக்கு அதில் பெருமை உண்டு. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் வராதபோது ஏதோ கோபம் என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். எல்லாம் அந்தக் கடையில், வலைக்கட்டுகளுக்கு நடுவே, ஒன்றாக எனக்குப் புரிந்தது.

"சத்தம் வருது. வார்த்தை பிரிய மாட்டேங்குது," என்றார் மெதுவாக.

"எப்பலேருந்துங்க?"

"மில்லுல இருக்கும்போதே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா போட்டு வாங்க விட்டிருப்பியா?"

உள்ளே வந்த கடைக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "யோசிச்சிட்டு இன்னொரு நாள் வாங்க அக்கா" என்றார். நான் பெரிய செட்டையே கட்டச் சொன்னேன். "நானும் கூடப் போறேன்," என்றேன்.

அரசாங்க மருத்துவமனையில் காதுக் கருவி கொடுத்தார்கள். எஞ்சினை முடுக்கியதும் மறுபடி ஆலைக்குள் போன மாதிரி இருக்கிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆகவே அவருக்குக் காதாக நான் போனேன். முதலில் வாந்தி எடுத்தேன். பிறகு பழகியது. ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த செய்தியை உதடசைத்துச் சொல்வேன். தலையாட்டுவார். நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

ஒரு காலை பலத்த காற்று வருகிறது, கரைக்குத் திரும்புங்கள் என்று ரேடியோவில் மலாய் மொழியில் சொன்னார்கள். இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்தார். கத்தினேன். திரும்பவில்லை. எழுந்தால் படகு ஆடியது. தவழ்ந்து போய் அவர் காலைப் பிடிப்பதற்குள் மேற்கே வானம் கறுத்துவிட்டது. வலையை அறுத்துவிட்டுத் திருப்பினார். ஆற்று முகத்துவாரத்துக்கு முன்பே காற்று பிடித்துக்கொண்டது. ஒரு அலை என்னைத் தூக்கி ஓரத்தில் அடித்தது, நெற்றி பிளந்தது. ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறுகையால் என் சட்டையை விடாமல் பற்றியிருந்தார்.

ஆற்றுக்குள் வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். என் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டே அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"போதும்மா. வித்துடலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் நான் சொல்வது எதுவும் அவரைச் சேராது.

படகு அந்த மாதமே ரேடியோவோடு போய்விட்டது. வாங்கியவர் நல்ல மனிதர், மீன் கொண்டுவந்து தருகிறேன் என்றார். இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வாரம் காலையில் எங்கோ போய்விட்டு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். பாசாரில் வாங்கிய கெம்போங். நேற்றைய மீன், கண் வெளுத்திருந்தது. அவருக்கும் அது தெரியும். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கழுவி, மஞ்சள் தடவிப் பொரித்தேன்.

"நல்லா இருக்கு," என்றார்.

என் பக்கம் நிமிராமல், தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.