புரியாத அறிவிப்பு, இரண்டு வாய் கீரை

படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பயம் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் மூன்றாம் வகுப்பு வரை போயிருந்ததால், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

தோட்டத்தில் எந்த உத்தரவு வந்தாலும் விடியலில் பெரட்டில் வைத்துத்தான் சொல்வார்கள். வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. துரை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதை, ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி தமிழாக்கி வாசிப்பார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறும், கஞ்சி போட்ட வெள்ளை உடுப்புமாக நின்று, ராகம் போடாத குறையாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் கங்காணி எங்களைப் பார்த்து, "வெளங்குச்சா?" என்று ஒரு அதட்டல் போடுவார். நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "வெளங்குச்சுங்க!" என்போம்.

விளங்கியதோ இல்லையோ, அதைத்தான் சொல்ல வேண்டும். விளங்கவில்லை என்று ஒருத்தி வாயைத் திறந்தால் கிராணியாரின் தமிழைக் குறை சொன்னதாக ஆகிவிடும். அப்புறம் கங்காணி அவளைச் சும்மா விடமாட்டார். மேலும் அந்தத் தமிழ் கோயிலில் புராணம் படிப்பது மாதிரி இருக்கும். வயதானவர்கள் சிலர் கையெடுத்துக் கும்பிட்டபடியே கேட்பார்கள். உத்தரவைக் கும்பிடுகிற ஜனங்களை வேறு எங்கே பார்க்க முடியும்!

ஒருநாள் அப்படித்தான் ஒன்று வாசித்தார். வாசித்த காகிதத்தை ஆபீஸ் சுவரிலும் ஒட்டினார்கள். பால் கொண்டுபோய் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது நான் அதன் முன்னால் நின்று முழுதும் படித்தேன். "வடபாற் சரிவினிடத்துப் படர்ந்துள்ள களை வர்க்கங்களை நிர்மூலமாக்கும் பொருட்டுத் திரவப் பிரயோகம் நிகழ்த்தப்படுவதால், அவ்விடத்துத் தாவரங்களை உபயோகித்தலும் கால்நடைகளைச் சஞ்சரிக்க விடுதலும் தவிர்க்கற்பாலன." ஓர் எழுத்துக்கூடத் தப்பாமல் படித்தேன். ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "என்னாடி போட்டிருக்கு?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். "என்னவோ களை வெட்டுறாங்களாம்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மாட்டுக்கொட்டாய்ச் சரிவு வழியாகத்தான் வீட்டுக்கு வருவோம். அந்தச் சரிவு முழுக்க லாலான் புல் மண்டிக் கிடக்கும். அதன் ஓரத்தில் குப்பைக்கீரை தானாக முளைத்திருக்கும். அன்றும் மடி நிறையப் பறித்துக்கொண்டேன். இலையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. புழுதி என்று நினைத்து உதறினேன். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகையிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கீரையைக் கடைந்து, சோற்றில் பிசைந்து ஊட்டினேன். அப்போது அவளுக்குப் பேச்சு வந்த புதிது. இரண்டு வாய் தின்றுவிட்டு, மூன்றாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே அக்காவின் கூப்பாடு கேட்டது. ஓடிப் பார்த்தேன். அவளுடைய ஆடு வாயில் நுரை தள்ளிக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அவள் அதைக் காலையில் மாட்டுக்கொட்டாய்ச் சரிவில்தான் கட்டி மேயவிட்டு, சற்றுமுன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். "நல்லாத்தானேடி மேஞ்சிச்சு, யாரு கண்ணு பட்டுச்சோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சரிவு, களை, இலையில் இருந்த வெள்ளை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஆனாலும் நிச்சயமாகத் தெரியவில்லை. காகிதத்தில் இருந்தது வடபாற் சரிவு. எங்களுக்குத் தெரிந்ததோ மாட்டுக்கொட்டாய்ச் சரிவு, கோயில் சரிவு, சீனன் கடைச் சரிவு. வடக்கு எது, தெற்கு எது என்று யார் பார்த்தோம்? மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

கூலிக்காரர்கள் ஆபீஸ் படி ஏறக்கூடாது. கீழே நின்று, கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். அன்று நான் படியேறிவிட்டேன். கிராணியார் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயா, காலைல வாசிச்சீங்களே, அது என்னாங்க?" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து, சுவரில் இருந்த காகிதத்தின் முன்னால் நின்று, முதலிலிருந்து மறுபடி வாசித்தார். காலையில் வாசித்ததைவிட மெதுவாக, இன்னும் சத்தமாக. எனக்குக் காது சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ. "நிர்மூலமாக்கும் பொருட்டு" என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. என் இடுப்பில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு சுடுகிறதா, என் கைதான் சில்லிட்டுப் போயிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, என் புள்ள அந்தக் கீரையத் தின்னுருச்சு. செத்துருமா, சாவாதா? அத மட்டும் சொல்லுங்க."

கிராணியார் காகிதத்தை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு அவர் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தம் வீட்டில் பேசுகிற பேச்சு அது.

"எங்கை பிடுங்கினனீ பிள்ளை? எந்தப் பக்கம்?"

"மாட்டுக்கொட்டாய்ச் சரிவுங்க."

"ஐயோ, அங்கைதான் நஞ்சு அடிச்சது! நேற்றுப் பின்னேரம்தான் அடிச்சவை. நிக்காதை, ஓடு!"

அவரும் என்னோடு ஓடிவந்தார். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தினமும் நான் வெட்டும் மரங்கள்தான். அன்று அந்த வரிசை முடிவேனா என்றது. நடுவழியில் மகள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாளா என்று பார்க்கவே பயமாக இருந்தது. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். பதில் வராதபோதெல்லாம் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கிராணியார் சொன்ன ஒரு வார்த்தை அவருக்குப் போதுமாக இருந்தது. உப்புத்தண்ணீரைக் கரைத்துப் பிள்ளையின் வாயில் புகட்டினார். அவள் திமிறினாள், கடித்தாள். நான் அவள் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையை அப்படி அமுக்க வேண்டிய நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. கடைசியில் வாந்தி எடுத்தாள். பச்சையாகக் கீரை வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, போனது, மறுபடி வந்தது. பிறகு பாலில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கொடுத்தார்.

"ரெண்டு வாய்தானே? பாக்கலாம். காலைல சொல்றேன்" என்றார் டிரெஸர்.

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். கிராணியார் வாசலில் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக நெடுநேரம் நின்றிருந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் மகள் கஞ்சி கேட்டு அழுதாள். அவள் அழுகையைக் கேட்டு நான் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

பிழைத்துவிட்டாள் என்றதும் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அந்த வாரத்தில் ஒருநாள், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவோடு வந்துகொண்டிருந்தேன். மாட்டுக்கொட்டாய்ச் சரிவில் ஒரு பலகை நட்டிருந்தது. எழுத்து கிராணியாருடையது, பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் கரியால், கை அகலத்துக்கு எழுதியிருந்தார்.

"என்னாடி போட்டிருக்கு?" என்றாள் அக்கா.

நான் சத்தமாகப் படித்தேன். "இங்கே விஷம். கீரை பறிக்காதே. ஆடு விடாதே. தின்றால் சாவு."

கடைசிச் சொல் வாயை விட்டு வரும்போதே மகளை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அக்கா சட்டென்று என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இடுப்பிலிருந்த மகளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பக்கத்தில் தளதளவென்று நின்ற கீரையைப் பார்த்து, "கீ... கீ..." என்று சிரித்தபடி கையை நீட்டினாள்.

அந்தக் கையில் ஓங்கி அடித்தேன். அவள் வீறிட்டாள். அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நானும் அந்த வழியிலேயே உட்கார்ந்து அழுதேன்.