பலகைக்குத் தேய்த்த எண்ணெய்

காசிமாயனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

1936இல் மதுரையில் ஒரு கல்லூரியின் பௌதிகக் கூடத்தில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர், அவன் அட்டெண்டர். பெண்டாட்டி இருளாயி காலராவில் போனபின் சாமான் அறையிலேயே படுத்துக்கொள்வான். பிள்ளைகுட்டி கிடையாது. வியாழக்கிழமை செய்முறை வகுப்புக்கு மாணவர்கள் வந்தால்தான் முகத்தில் களை வரும். மற்ற நாளெல்லாம் பலகையோடு பேசிக்கொண்டிருப்பான். சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

அது சரிவுப் பலகை. ஒரு தலையைத் தூக்கி நிறுத்தி, மேலே மரக்கட்டையை வைத்து விரலால் லேசாகத் தட்ட வேண்டும். கட்டை வேகம் கூடாமல், நடுவில் நிற்காமல், ஒரே சீராக இறங்க வேண்டும். அப்போதுள்ள உயரத்தை அடிநீளத்தால் வகுத்தால் உராய்வு எண். எங்கள் பலகைக்குப் பத்து வருஷமாக 0.3தான். எவ்வளவு மெதுவாகத் தட்டுவது என்பது காசிமாயன் கைக்கு அத்துப்படி.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் ஏதோ ஒரு கப்பி கிறீச்சிட்டது. எனக்கு எரிச்சல். "யோவ், எல்லாத்துக்கும் எண்ணெயப் போட்டு வையிய்யா!" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மனுஷன் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டான். பலகைக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சந்தனப் பொட்டும் வைத்திருந்தான்.

அடுத்த வியாழன் பரீட்சை. நாற்பது பேருக்கும் 0.16 வந்தது. புரொபசர் பலகையைத் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"யார் பண்ணின வேலை இது?"

"நாந்தாங்கய்யா. வருசம் பூரா உரசிக்கிட்டே கெடக்கே, அதுக்கும் ஒடம்பு வலிக்கும்லன்னு எண்ணெ தேச்சு விட்டேங்க."

நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான், பாவி. நான் சொல்லித்தான் செய்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். கோழைப் பயல் நான்.

அன்றைக்கே அவனைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாதென்று உத்தரவு. பாயைச் சுருட்டிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குப் போனான்.

தச்சரைக் கூட்டிவந்து பலகையை இழைத்தோம். தட்டுவது இப்போது என் வேலை. கட்டை ஒன்று நின்றது, இல்லை ஓடியது. இரண்டு வாரம் மல்லுக்கட்டி 0.3 வந்தது. நிமிர்ந்து பார்த்தால் சன்னலுக்கு வெளியே பூவாளியோடு அவன்.

"சரியாயிருச்சாங்கய்யா?"

"ஆயிருச்சு."

"அப்ப நான் உள்ள வரட்டுமாங்கய்யா?"

புரொபசர் அறை நாலு எட்டுத் தூரம். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பாப்போம்" என்றேன்.

"சரிங்கய்யா" என்றான். மறுபடி கேட்கவே இல்லை. வியாழக்கிழமைகளில் மட்டும், வகுப்பு முடியும்வரை, சன்னலுக்குக் கீழிருந்த செம்பருத்திக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றான். வேர் அழுகிச் செடி செத்தது. அதே இடத்தில் இன்னொன்று நட்டு அதற்கும் ஊற்றினான்.