பெட்டியோடு போன புடவை

என் மகனுக்கு ஒன்பது மாதம் ஆனபோது, அவனைத் தூக்கிக்கொண்டு தனியாக மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன். அவன் அப்பா அங்கே லாரி ஓட்டுகிறார். நான் மாசமாக இருந்தபோது போனவர். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. ஒரு ரூம் பார்த்துவிட்டேன், விசிட் விசா எடுத்து அனுப்புகிறேன், நீயே பிள்ளையைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

அதுவரை அவர் மகனைப் போனில்தான் பார்த்திருந்தார். வேலை முடிந்து அவர் கூப்பிடுவார். நான் போனை நீட்டிப் பிடிப்பேன். மகன் சிரிப்பான், அப்பாவின் மூக்கைத் தொடுவான். பிறகு போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பான். அங்கே யாரும் இல்லை என்றதும் என் முகத்தைப் பார்ப்பான். வலங்கைமானில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா எங்கே என்று கேட்பது போல இருக்கும்.

என் கவலையெல்லாம் ஒன்றுதான். அவரைப் பார்த்ததும் இவன் பயந்து கத்தக் கூடாது. அவர் கைக்குப் போக வேண்டும். சரியாகத் தூங்கி எழுந்தால் யாரிடம் வேண்டுமானாலும் போவான். தூக்கம் கெட்டால் என்னிடம்கூட இருக்க மாட்டான். தூளியில் போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அதுவும் என் கத்திரிப்பூ நிற வாயில் புடவையில் கட்டிய தூளியாக இருக்க வேண்டும். அதன் முந்தானையைக் கைக்குள் சுருட்டி விரலால் தேய்த்துக்கொண்டே கண்ணை மூடுவான்.

என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. விமானத்தையே பார்க்காதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். வெந்நீர் பிளாஸ்க், பால் பவுடர், கேழ்வரகு மாவு, டயப்பர், உரை மருந்து, அதை உரைக்கிற கல், எல்லாம் கைப்பையில் ஏறியது. நாகூர் தர்காவில் கட்டிய கயிறு அவன் இடுப்பில் இருந்தது.

என் நாத்தனார் ஒரு சுடிதார் வாங்கி வந்திருந்தாள். நான் அதுவரை சுடிதார் போட்டதில்லை.

"எனக்கு என்னத்துக்குடி இது?"

"அண்ணி, அங்க புடவையத் தூக்கிப் புடிப்பீங்களா, புள்ளையத் தூக்கிப் புடிப்பீங்களா? பேசாம போட்டுக்குங்க."

தூளிப் புடவையைக் கைப்பையில் வைத்தபோது பக்கத்து வீட்டு அக்கா அதை வெளியே இழுத்துப் போட்டார். "இந்தக் கந்தலையா மேல வைக்கிற? பையைத் தொறந்து கொட்டிப் பாப்பாங்க. மானம் போயிரும்." எனக்கும் கூச்சமாகிவிட்டது. அங்கே போய்த்தானே கட்டப் போகிறோம் என்று பெரிய பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கிய புது டவல் ஒன்று கைப்பைக்குள் போனது.

திருச்சி வரைக்கும் தம்பி காரில் வந்தான். வழியெல்லாம் குறுவை அறுப்பு மெஷின் சத்தம். விமான நிலையத்து வாசலில் அவனை நிறுத்திவிட்டார்கள். "உள்ள வுட மாட்டாங்களாம்க்கா. நீ போ, நான் இங்கயே நிக்கிறேன்" என்றான். கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டே நின்றான். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சின்னதாகத் தெரிந்தான்.

கவுண்டரில் இருந்த பையன் சிரித்தபடி, "பேரனாம்மா?" என்றான்.

ஊரில் கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பஸ் எங்கே போனாலும் அதே கேள்விதான். எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவன் இவன். இல்லை என்றால் அடுத்து இன்னும் நாலு கேள்வி வரும் என்பதால் எப்போதும் தலையை ஆட்டிவிடுவேன். அங்கேயும் ஆட்டிவிட்டேன்.

"அப்போ அப்பா அம்மா குடுத்த லெட்டர் வேணுமே. இருக்குங்களா?"

 பின்னால் வரிசை நின்றது.

"நாந்தாங்க அம்மா" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.

சோதனை செய்கிற இடத்தில் ஒரு பெண் காவலர் உரைக்கல்லை எடுத்து ஏதோ இந்தியில் கேட்டார். நான் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டி, விரலைப் பிள்ளையின் நாக்கருகே கொண்டு போனேன். அவர் சிரித்துவிட்டுக் கல்லை உள்ளே வைத்தார். அன்று காலையில் நான் சொன்னது சிக்கலில்லாமல் புரிந்தது அவருக்கு மட்டும்தான்.

விமானம் கிளம்பும்போது பால் குடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. கையை நீட்டி முந்தானையைத் தேடினான். கிடைத்தது ஜிகினா தைத்த துப்பட்டா. பிடித்துப் பார்த்துவிட்டு விட்டான். புது டவலைக் கொடுத்தேன். அதையும் தள்ளினான். படுக்க வைத்தால் கால் இரண்டுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போனான். சுடிதாரில் மடி என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பிறகு அழ ஆரம்பித்தான். தோளில் போட்டேன், நின்றேன், உட்கார்ந்தேன். முன் சீட்டிலிருந்து, "பாலு குடுங்கம்மா" என்று ஒரு குரல். "பாட்டிகிட்ட குடுத்து அனுப்புனா அது எங்க கெடைக்கும்?" என்று இன்னொரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர். 

"தூளியில தூங்குற புள்ளைங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"புடவை எடுத்தாரலையா?"

"பெட்டியோட போயிருச்சிங்க."

 அவர் எழுந்து மேலேயிருந்து தன் பையை இறக்கினார். ஊறுகாய்ப் பாட்டிலை ஒதுக்கி, சட்டைகளை ஒதுக்கி, அடியில் கைவிட்டு ஒரு பச்சைப் புடவையை எடுத்தார். சாயம் போய் மெத்தென்று ஆகியிருந்தது.

"நம்ம வூட்டுக்காரி கட்டுனதுங்க. தொவைக்காதது. பரவால்லீங்களா?"

வாங்கிக்கொண்டேன். இடுப்பைச் சுற்றி, முழங்காலுக்கு மேல் குழிவாக வருகிற மாதிரி விரித்து அவனைப் போட்டேன். மஞ்சள் வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும் வந்தது. என் வாசனை இல்லை. அவன் ஓரத்தை மோந்து பார்த்தான், யோசித்தான். பிறகு கைக்குள் சுருட்டித் தேய்க்க ஆரம்பித்தான். தேய்க்கிற விரல் மெல்ல மெல்ல நின்றது.

"பேரனுங்களா?" என்றார்.

"மவன்ங்க. அவங்கப்பா இன்னம் பாத்ததில்ல."

"அப்படிங்களா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தரங்கம்பாடி பக்கம். எம்பொண்ணு ஓடியாடுற வயசுலதான் மொதல்ல பாத்தேன். கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டு, யாரு மாமா நீங்கன்னு கேட்டுச்சி." சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் என் பக்கம் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

இறங்கும்போது மகன் நல்ல தூக்கத்தில் இருந்தான். புடவை அவன் கைக்குள் இருந்தது.

"இருக்கட்டும். எழுப்பாதீங்க. வச்சிக்குங்க" என்றார் அவர். புடவையைப் பார்த்தபடிதான் சொன்னார்.

வைத்துக்கொண்டால் பிள்ளை இன்னும் கொஞ்சம் தூங்குவான். வாசலில் அவன் அப்பா நிற்பார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியில் போடாமல் கையோடு அதை எடுத்து வந்திருக்கிறார். மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவன் விழித்துச் சிணுங்கினான். புடவையை மடித்துக் கொடுத்தேன். அவர் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார், மூடியதா என்று மறுபடியும் இழுத்துப் பார்த்தார். வரேங்க என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் ஆளைக் காணோம்.

வெளியே அவன் அப்பா நின்றார். இளைத்திருந்தார். இரண்டு கையையும் நீட்டினார். மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அழப் போகிறான் என்று நினைத்தேன். அவன் எட்டி, அவர் தோளுக்கு மேலே தலையை நீட்டி, அவர் முதுகுப் பக்கம் பார்த்தான்.

"என்னடா தேடுற?" என்றார் அவர்.

முதுகு இருந்தது. அதைத் தட்டிப் பார்த்தான். பிறகு அவர் கைக்குப் போனான். கொஞ்ச நேரம்தான், உடனே என்னிடம் வந்துவிட்டான். ஆனாலும் போனான்.

விசா முடிந்து திரும்பும்போது நான் புடவைதான் கட்டியிருந்தேன். கிளம்புவதற்கு முன் கத்திரிப்பூப் புடவையைத் துவைக்க வாளியில் போடப் போனேன். தண்ணீர் திறந்தும் விட்டேன். அப்புறம் நிறுத்திவிட்டு, துவைக்காமலே மடித்து அவர் கட்டிலில் வைத்தேன். 

இப்போது ஊரில் யாராவது கைப்பிள்ளையோடு விமானம் ஏறுகிறார்கள் என்றால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பழைய புடவை ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இதென்ன பெரிய விஷயம் என்பது போல் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் வேறு புடவையில் தூளி கட்டியிருக்கிறேன். மகன் தூங்க நேரமாகிறது. வேலை முடிந்து அவர் போனில் வருவார். அவர் தலைக்குப் பின்னால் கட்டிலில் கத்திரிப்பூ நிறம் கொஞ்சம் தெரியும். மகன் இப்போது போனைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்த நிறம் தெரிகிற மூலையில் விரலை வைத்துத் தேய்க்கிறான். கண்ணாடியில் விரல் வழுக்குகிறது. மறுபடியும் தேய்க்கிறான்.