உகண்டா போகிறவர்களுக்கு ஊசி போடுகிறேன்

பயணத் தடுப்பூசி போடும் இடத்துக்கு யாரும் ஊசிக்காக வருவதில்லை. ‘உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை’ என்று நாங்கள் சொல்லிவிட மாட்டோமா என்ற நப்பாசையில்தான் வருகிறார்கள். ஒஸ்லோவில் அப்படியொரு இடத்தில் நான் தாதி. தமிழ் முகம் என்பதால் நம்மவர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். புத்தி சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களே, வங்கிக்காரர்களே, பிள்ளை வளர்க்கிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

சிங்கம்

ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் பியோர்ண்டாலில் இருந்து ஒரு குடும்பம் கென்யா போவதற்காக வந்தது. தகப்பனின் கவலையெல்லாம் சிங்கத்தைப் பற்றித்தான். ஜீப்புக்குக் கதவு இருக்குமா, கூடாரத்துக்குப் பூட்டு உண்டா என்று கேட்டபடி இருந்தார். நானோ நுளம்பு வலை, நீளக்கைச் சட்டை, போத்தல் தண்ணீரில் பல் தீட்டுவது என்று என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். சிங்கம் கடித்து வந்த ஒருவரையும் இங்கே நாங்கள் கண்டதில்லை, நுளம்பு கடித்து மலேரியாவோடு வந்தவர்களைத்தான் காண்கிறோம் என்றேன். மனுசனின் முகம் வாடிப்போயிற்று. போகும்போது கதவடியில் நின்று திரும்பிக் கேட்டார்:

“அப்ப, தங்கச்சி, சிங்கத்துக்கு ஊசி ஒண்டும் இல்லையோ?”

பழகின நுளம்பு

சிவபாலன் அண்ணை டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகனுக்கு உகண்டாவில் வேலை. அங்கே முதல் பேத்தி பிறந்திருந்தாள். அவளைப் பார்க்கத்தான் அண்ணையும் மனைவி ராணி அக்காவும் புறப்பட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோளைக் காட்டினார். மலேரியாவுக்கு விழுங்குகிற குளிசையை எடுத்து வைத்தபோதுதான் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் உங்கள் உடம்புக்கு என்ன பழக்கம் இருந்திருந்தாலும் இத்தனை வருடத்தில் அது போய்விட்டது, அங்குள்ள மலேரியா ஆளையே கொண்டுபோய்விடும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கிருமி உடம்புக்குள் ஒளிந்திருக்கும், அதனால் திரும்பி வந்த பிறகும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், குளிசையை விடக்கூடாது என்றேன். ராணி அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அண்ணை என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னார்:

“தங்கச்சி, நாங்கள் நுளம்போடை ஒரே வீட்டிலை வளந்தனாங்கள். அதுக்கு எங்களைத் தெரியும்.”

பேத்தியின் படம்

திரும்பி வந்து ஒரு கிழமைக்கு மேல் ஆனபின், படம் காட்டுவதற்கென்றே அண்ணை ஒருநாள் வந்தார். பேத்தி அவருடைய மீசையைப் பிடித்து இழுக்கிறாள். அண்ணைக்கு வலிக்கிறது, வாயெல்லாம் பல்லாகவும் இருக்கிறது. பார்த்து எனக்கே கண் கலங்கியது. பிறகு, குளிசையை முடித்தீர்களா என்று கேட்டேன். விமானம் இறங்கிய அன்றோடு விட்டுவிட்டாராம். ராணி அக்கா மட்டும் சொன்னபடி முடித்திருக்கிறார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காய்ச்சல் கீய்ச்சல் என்று வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு கிடக்காமல் அன்றைக்கே அவசர டொக்டரிடம் போகவேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னேன். ‘ஓம் ஓம்’ என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையால் காட்டிவிட்டுக் கேட்டார்:

“இந்தப் பனிக்குள்ளை எந்த நுளம்பு, தங்கச்சி, ஜக்கெற் போட்டுக்கொண்டு வரப்போகுது?”

கேள்வி

காய்ச்சல் வந்தது. வந்த அன்றே அவர் டொக்டரிடம் போனார். நான் சொன்ன எல்லாவற்றிலும் அந்த ஒன்றை அவர் கேட்டு நடந்தார் என்பதுதான் என்னை இன்றைக்கும் வாட்டுகிறது. காய்ச்சல் ஏற ஏற, வருடக்கணக்காகக் கதைத்த நொர்வேஜிய மொழி அவருக்கு நாக்கில் வரவில்லை. அங்கே வேலையில் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி உதவிக்கு வந்தாள். இங்கேயே பிறந்தவள், நல்ல பிள்ளை. டொக்டர் கேட்டதை அவள் அட்சரம் பிசகாமல் தமிழில் கேட்டாள்: “கிட்டடியிலை வெளிநாட்டுக்குப் போனனீங்களோ?”

அவளுக்கு வெளிநாடு என்றால் நோர்வேக்கு வெளியே இருக்கிற எல்லாம். ஊரை விட்டு ஓடிவந்த எங்களுக்கோ வெளிநாடு என்றால் இதுதான், இந்த நோர்வேதான். மகனை வெளிநாட்டில் வளர்த்தேன், வெளிநாட்டில் டிராம் ஓட்டினேன் என்றுதான் அண்ணை எப்போதும் கதைப்பார். சளிக்காய்ச்சல் ஊரெல்லாம் பரவியிருந்த நேரம் அது. அவர் சொன்ன பதிலில் ‘இல்லை’ என்பதை மட்டும் அவள் டொக்டரிடம் சொல்ல, ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சொன்ன முழுப் பதிலையும் பிறகு அந்தப் பிள்ளையே என்னிடம் சொன்னாள்:

“இல்லைப் பிள்ளை, நான் வெளிநாட்டுக்கு வந்து கனகாலம்.”

பதில்

அடுத்த சில நாட்களில் நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் மலேரியா என்று கண்டுபிடித்துப் போராடினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

செத்தவீட்டுக்கு அந்தப் பிள்ளையும் வந்திருந்தாள். ராணி அக்காவின் காலடியில் இருந்து, ‘நான் வடிவாக் கேட்டிருக்கவேணும், அன்ரி’ என்று விக்கி விக்கி அழுதாள். ராணி அக்கா அவளின் தலையைத் தடவினார்.

“அழாதை பிள்ளை. நானும் பக்கத்திலைதான் இருந்தனான். எனக்கும் அது சரியான பதிலாத்தான் பட்டது. நாங்கள் போனது மகன் வீட்டையெல்லோ.”

நுளம்பு எங்கே இருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு, வெளிநாடு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.